ஹெல்த் ஆப்பில் பக்கம் ‘லோட் ஆகிவிட்டது’ என்றால் எந்த நொடி?

இரவு மூன்று மணி. சர்க்கரை அளவைத் தொடர்ந்து பார்க்கும் சென்சாரைக் கையில் ஒட்டியிருக்கும் ஒருவருக்கு வியர்த்துக்கொட்டி விழிப்பு வருகிறது. தலைமாட்டில் இருக்கும் போனை எடுத்து ஆப்பைத் திறக்கிறார். முதலில் லோகோ. அப்புறம் சாம்பல் நிறத்தில் நாலைந்து பட்டைகள். அடுத்து வரைபடத்தின் சட்டகம் மட்டும் வருகிறது, உள்ளே கோடு இல்லை. பிறகு மேலே பெரிதாக ஓர் எண். கடைசியில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. சர்க்கரை இறங்கிக்கொண்டே இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அவர் போனைத் திறந்தது அந்த அம்புக்குறிக்காகத்தான்.

சரி, இந்தப் பக்கம் எத்தனை நொடியில் லோட் ஆனது? லோகோ வந்தபோதா, பட்டைகள் வந்தபோதா, சட்டகமா, எண்ணா, அம்புக்குறியா? ஆப்பை உருவாக்கிய டீமின் கண்காணிப்புத் திரையில் ‘லோட் நேரம்’ என்று ஓர் எண் பச்சை நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும். இந்த ஐந்தில் அது எதைக் குறிக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் சட்டென்று பதில் வராது. வேகத்தைக் கூட்டும் வேலையை அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. கேஷ் போடுவது (தகவலின் நகலைப் போனிலேயே வைத்துக்கொள்வது), படத்தைச் சுருக்குவது எல்லாம் அதற்கப்புறம்.

கடிகாரத்தை எங்கே நிறுத்துவது

கணினி பதில் சொல்லும்வரை மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பார் என்பது பழைய கேள்வி. 1968-லேயே ஆய்வாளர் ராபர்ட் மில்லர் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 1993-ல் கணினிப் பயன்பாட்டு நிபுணர் ஜேக்கப் நீல்சன் மூன்று எல்லைகளாகச் சொன்னது இன்றுவரை புழக்கத்தில் இருக்கிறது. 0.1 நொடிக்குள் நடந்தால் தொட்டதும் நடந்ததாகத் தோன்றும். 1 நொடிவரை நினைப்பு அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் ஆள் வேறு வேலைக்குப் போய்விடுவார்.

போன் தயாரிப்பாளர்களும் பிரவுசர்காரர்களும் தங்கள் பங்குக்குச் சில எல்லைகளை வைத்திருக்கிறார்கள். ஆப் நினைவகத்திலேயே இல்லாத நிலையிலிருந்து திறக்க 5 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால், ஆண்ட்ராய்டு அதை மிக மெதுவான தொடக்கம் என்று கணக்கில் எடுக்கிறது. பின்னணியில் பாதி உயிரோடு இருக்கும் ஆப்புக்கு இந்த எல்லை 2 நொடி, முழுதாக இருப்பதற்கு 1.5 நொடி. ஆப்பிள் தன் டெவலப்பர்களுக்குச் சொல்லும் இலக்கு, முதல் ஃபிரேம், அதாவது ஆப் வரையும் முதல் காட்சி, 400 மில்லிநொடிக்குள் திரைக்கு வர வேண்டும் என்பது. வெப் பக்கங்களுக்கு கூகுள் வைத்திருக்கும் அளவுகோல் எல்சிபி. திரையில் தெரியும் பொருள்களிலேயே பெரியது எதுவோ அது 2.5 நொடிக்குள் வந்துவிட வேண்டும், அதுவும் நூற்றுக்கு 75 வருகைகளிலாவது.

இவையெல்லாம் நல்ல அளவுகள்தான். ஆனால் எதுவுமே ஹெல்த் ஆப்பை மனதில் வைத்து வந்தவை இல்லை. ஆண்ட்ராய்டும் ஆப்பிளும் பார்ப்பது முதல் ஃபிரேமை. சாம்பல் பட்டைகள் வந்தாலே அவற்றுக்குக் கணக்கு முடிந்துவிடும். எல்சிபி இன்னும் வேடிக்கை. ‘திரையில் பெரிய பொருள்’ எதுவாக இருக்கும்? பெரும்பாலும் மேலே சிரித்துக்கொண்டிருக்கும் மருத்துவரின் படம், அல்லது நாலு வரித் தனியுரிமை அறிவிப்பு. ‘68’ என்ற இரண்டு இலக்க எண் அந்தப் போட்டியில் ஜெயிக்கவே ஜெயிக்காது. எண் வருவதற்கு முன்பே எல்சிபி பச்சைக் கொடி காட்டிவிட்டுப் போய்விடும்.

அதனால் முடிவுக்கோட்டை நாமே வரைய வேண்டியிருக்கிறது. அதற்கு வசதியும் உண்டு. ‘இப்போதுதான் முழுதாக வரைந்து முடித்தேன்’ என்று ஆப்பே ஆண்ட்ராய்டுக்குச் சொல்ல ஓர் அழைப்பு இருக்கிறது. சொன்னால் முதல் ஃபிரேம் நேரத்தோடு அந்த நேரத்தையும் அது தனியாகக் குறித்துக்கொள்ளும். இதே வேலைக்கு ஐபோனில் சைன்போஸ்ட், வெப்பில் பெர்ஃபார்மன்ஸ் மார்க். எல்லாமே ஒரே வரி வேலை. அந்த வரியை எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் சிக்கல்.

ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேள்வி இருக்கும். மருந்துப் பக்கத்தின் கேள்வி ‘இப்போது எதைச் சாப்பிட வேண்டும்?’ ரிப்போர்ட் பக்கத்துக்கு ‘சரியாக இருக்கிறதா, இல்லையா?’ அப்பாயின்ட்மென்ட் பக்கத்துக்கு ‘எப்போது, எங்கே?’ அந்தக் கேள்விக்கான பதில் திரையில் தெரிந்து, அது எந்த நேரத்து நிலவரம் என்பதும் கூடவே தெரியும் நொடியில் கடிகாரத்தை நிறுத்தலாம். நேரக் குறிப்பு இல்லாத எண்ணை நான் ‘லோட் ஆனதாக’ எண்ண மாட்டேன். ஆறு மணி நேரத்துக்கு முந்தைய சர்க்கரை அளவை அரை நொடியில் காட்டிப் பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது? அதைப் பார்த்து ஒருவர் இன்சுலின் போட்டுக்கொள்ளக்கூடும்.

இதில் ஒரு சின்ன விஷயம் பெரிய வம்பில் கொண்டுபோய் விடும். ஒவ்வாமைப் பட்டியல் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். பட்டியல் காலியாக இருந்தால் ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று காட்டு என டெவலப்பர் எழுதியிருப்பார். பக்கம் திறந்த கணத்தில், சர்வரிடமிருந்து தகவல் இன்னும் வராத நிலையில், பட்டியல் காலியாகத்தானே இருக்கும்? ஆக, முதல் ஒன்றரை நொடிக்குத் திரையில் ‘ஒவ்வாமை எதுவும் இல்லை’ என்று வரும். பிறகுதான் ‘பெனிசிலின்’ என்று மாறும். நெட்வொர்க் அறுந்தால் மாறாமலே நிற்கும். அந்தத் திரையை யாராவது மருத்துவரிடம் நீட்டினால்? ‘இன்னும் தெரியவில்லை’, ‘இல்லை என்று தெரியும்’, ‘இருக்கிறது என்று தெரியும்’ ஆகிய மூன்று நிலைகளுக்கும் மூன்று தோற்றங்கள் வேண்டும். மெதுவான நெட்வொர்க்கில் சோதித்தால் ஐந்து நிமிடத்தில் பிடிபடும் குறை இது. அலுவலக வைஃபையில் சோதித்தால் கண்ணில் படவே படாது.

திரை குலுங்குவதும் இதே குடும்பம்தான். தாமதமாக வரும் ஓர் அறிவிப்புப் பட்டை மேலே செருகிக்கொள்ள, கீழே இருப்பதெல்லாம் ஒரு வரிசை இறங்கும். கட்டைவிரல் ‘காலை மாத்திரை எடுத்தேன்’ பொத்தானை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கே ‘இரவு மாத்திரை எடுத்தேன்’ வந்து உட்கார்ந்திருக்கும். செய்திப் பக்கத்தில் இப்படி நடந்தால் எரிச்சல், அவ்வளவுதான். இங்கே மருந்துப் பதிவேடே தப்பாகிறது. வெப்பில் இந்தக் குலுங்கலை அளக்க சிஎல்எஸ் என்றொரு அளவு உண்டு; 0.1-க்குள் இருந்தால் நல்லது என்பார்கள். மருந்துப் பட்டியலில் அது பூஜ்யமாக இருக்க வேண்டும் என்று கேட்பேன். வரப்போகும் பட்டைக்கு முன்பே இடம் ஒதுக்கிவைத்தால் போதும்.

கடிகாரத்தை நிறுத்தும் இடத்தைப் போலவே, நடுவில் எங்கே பிடித்துவைப்பது என்பதும் முக்கியம். ஹெல்த் ஆப் பெரும்பாலும் கைரேகையோ முகமோ பின் எண்ணோ கேட்டுவிட்டுத்தான் உள்ளே விடும். மனிதர் விரலைத் துடைத்துக்கொண்டு வைக்கும் நேரமும் லோட் நேரத்தில் சேர்ந்தால், அளவு முழுக்க மனிதர்களின் வேகத்தைத்தான் காட்டும். பூட்டுத் திரை வந்ததும் கடிகாரத்தை நிறுத்தி, திறந்ததும் மறுபடி ஓடவிட வேண்டும். இதில் ஓர் ஆதாயமும் இருக்கிறது. அவர் விரல் வைக்கும் அந்த ஒன்றிரண்டு நொடியில் சர்வரோடு இணைப்பை ஏற்படுத்திக்கொள்ளலாம், எழுத்துருக்களை ஏற்றிவைக்கலாம், திரையின் சட்டகத்தைத் தயார் செய்யலாம். நோயாளியின் தகவலை மட்டும் தொடக்கூடாது, அதற்குத்தான் பூட்டு.

சராசரிக்குள் ஒளிந்திருப்பவர்

எண்களைச் சேகரித்த பிறகு அவற்றைச் சராசரியாக்கிப் பார்ப்பது எல்லோருக்கும் வரும் முதல் ஆசை. லோட் நேரத்தில் சராசரி பெரும்பாலும் ஏமாற்றும். பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு 1 நொடி, ஒருவருக்கு 11 நொடி என்றால் சராசரி 2 நொடி. இரண்டு நொடி அனுபவம் அந்தப் பத்துப் பேரில் யாருக்குமே கிடைக்கவில்லை. அதனால்தான் நூறு பேரை வேகமானவர் முதலில் வரும்படி வரிசையில் நிறுத்தி 75-ஆவது ஆள், 95-ஆவது ஆள் என்று எடுத்துப் பார்க்கிறோம்.

இதுவரை சொன்னது எந்த ஆப்புக்கும் பொருந்தும். ஹெல்த் ஆப்பில் இன்னொரு திருப்பம் இருக்கிறது. வரிசையின் கடைசியில் நிற்பவர் யார்? வழக்கமாகச் சொல்லப்படும் பதில் ‘பழைய போன் வைத்திருப்பவர், சிக்னல் கிடைக்காத இடத்தில் இருப்பவர்’ என்பது. அது உண்மைதான். ஆனால் அந்த வரிசையில் இன்னொருவரும் நிற்கிறார்: நீண்ட காலமாக நோயோடு இருப்பவர். எட்டு வருஷ ரத்தப் பரிசோதனைகள், பதினான்கு மருந்துகள், மூன்று துறை மருத்துவர்கள், நூற்றுக்கணக்கான ரிப்போர்ட்கள் என்று அவருடைய கணக்கில் குவிந்திருக்கும். ஆப் திறந்ததும் அத்தனையையும் இழுக்க முயலும். நேற்று சளிக்காகக் கணக்குத் தொடங்கியவருக்கு அதே பக்கம் மின்னல் வேகத்தில் வரும். ஆப் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது மிக மெதுவாக இருக்கிறது. 95-ஆவது ஆளை ‘விதிவிலக்கு, விட்டுத்தள்ளு’ என்று ஒதுக்கும் டீம், தெரியாமலே நோய் முற்றியவர்களை ஒதுக்கிக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்கத் தனித் தந்திரம் எதுவும் வேண்டாம். லோட் நேரத்தோடு சேர்த்து, அந்தக் கணக்கில் எத்தனை பதிவுகள் இருந்தன என்பதையும் தோராய வகையாகக் குறித்துக்கொண்டால் போதும்: நூறுக்குள், ஆயிரத்துக்குள், அதற்கு மேல். போன் வகை, நெட்வொர்க் வகை என்று பிரித்துப் பார்ப்பதுபோல் இதையும் பிரித்துப் பார்க்கலாம். பதிவுகள் கூடக் கூட நேரமும் கூடினால், குறை போனில் இல்லை, நாம் தகவலைக் கேட்கும் முறையில் இருக்கிறது.

இன்னொரு ஓட்டை. காத்திருந்து சலித்து ஆப்பை மூடியவரின் நேரம் பதிவாவதே இல்லை, ஏனென்றால் முடிவுக்கோட்டை அவர் தொடவே இல்லை. மிக மோசமான அனுபவங்களெல்லாம் கணக்கிலிருந்து தாமாகவே உதிர்ந்துவிட, மிஞ்சியவர்களின் எண் அழகாகத் தெரியும். ஒரு வெளியீட்டுக்குப் பிறகு லோட் நேரம் திடீரென்று குறைந்தால் கைதட்டுவதற்கு முன், தொடங்கியவர்களில் எத்தனை பேர் முடிவுவரை வந்தார்கள் என்றும் பார்த்துவிடுவது நல்லது. நான் ஒருமுறை கைதட்டிவிட்டு அப்புறம்தான் பார்த்தேன்.

நேரம் போகும் இடங்கள்

எவ்வளவு நேரம் என்று தெரிந்தபின், எங்கே என்ற கேள்வி. மூன்று இடங்களில் தேடினால் பெரும்பாலும் கிடைத்துவிடும்: கம்பியில் (அதாவது நெட்வொர்க்கில்), சர்வரில், போனுக்குள்ளேயே.

கம்பியில் ஒரே நேரத்தில் எவ்வளவு தகவல் போகும் என்பதைவிட, ஒரு செய்தி சர்வருக்குப் போய்ப் பதில் திரும்பிவரும் நேரம்தான் ஹெல்த் ஆப்புக்கு எதிரி. சர்வரின் முகவரியைக் கண்டுபிடிக்க ஒரு போய்வரல், இணைப்பை ஏற்படுத்தும் டிசிபி கைகுலுக்கலுக்கு ஒன்று, தகவலைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் நெறிமுறையின் பழைய 1.2 பதிப்பு என்றால் பூட்டுச் சாவி பரிமாற இரண்டு, கடைசியில் கேள்விக்கும் பதிலுக்கும் ஒன்று. ஒரு போய்வரலுக்கு 150 மில்லிநொடி என்றால் முதல் பைட் வருவதற்குள் 750 மில்லிநொடி போய்விட்டது. 2018-ல் வந்த டிஎல்எஸ் 1.3 இதில் ஒன்றைக் குறைத்தது. வெப் தகவல் பரிமாற்ற நெறிமுறையின் புதிய பதிப்பான எச்டிடிபி 3, 2022-ல் தரப்படுத்தப்பட்டது; டிசிபிக்குப் பதில் குயிக் என்ற நெறிமுறையின் மேல் ஓடும் அது, இணைப்பையும் பூட்டையும் ஒரே கைகுலுக்கலில் முடித்து இன்னொன்றைக் குறைக்கிறது. போன் வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குத் தாவும்போதும் இணைப்பு அறாமல் அது தொடர முடியும்; மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நடந்துகொண்டே ஆப்பைப் பார்ப்பவருக்கு இது பெரிய உபகாரம்.

ஏற்கெனவே பழகிய சர்வரோடு கைகுலுக்காமலே கேள்வியை அனுப்பும் வசதியும் இவற்றில் உண்டு. ஆனால் அப்படி அனுப்பிய செய்தியை நடுவில் ஒருவர் பதிந்துவைத்து மறுபடி அனுப்ப முடியும். ரிப்போர்ட்டைப் படித்துக் காட்டு என்பது இரண்டு தரம் போனால் பாதகமில்லை. ‘ஒரு டோஸ் எடுத்தேன்’ என்பது இரண்டு தரம் பதிவானால் அது வேறு கதை. படிப்பதற்கு மட்டும் திறந்துவிட்டு, எழுதுவதற்கு மூடிவைக்க வேண்டிய வசதி இது.

சர்வரை நோயாளிக்குப் பக்கத்தில் கொண்டுவருவது என்ற வழக்கமான வைத்தியமும் இங்கே பாதிதான் செல்லும். ஒளி இழையில் ஒளி நொடிக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சர்வர் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 100 மில்லிநொடி. எந்த மென்பொருளாலும் அதைக் குறைக்க முடியாது. படங்களையும் நிரலையும் ஊருக்கு ஊர் பிரதி எடுத்து வைக்கலாம். நோயாளியின் தகவலை அப்படிச் சிதறவிடச் சட்டமும் மனசாட்சியும் இடம் தராது. எனவே தூரத்தைக் குறைக்க முடியாத இடத்தில், எத்தனை தடவை போய்வருகிறோம் என்பதைக் குறைக்க வேண்டியதுதான்.

குறைக்க நிறைய இடம் இருக்கிறது. மருத்துவத் தகவல் பரிமாற்றத்துக்கு எச்எல்7 அமைப்பின் ஃபயர் (FHIR) என்ற தரம் பரவலாகப் புழங்குகிறது. அதில் நோயாளி ஒரு துண்டு, மருத்துவரைச் சந்தித்தது ஒரு துண்டு, ஒவ்வொரு பரிசோதனை முடிவும் தனித்தனித் துண்டு. ஒன்று இன்னொன்றை எண்ணால் சுட்டும். அவசரத்தில் எழுதிய ஆப் என்ன செய்யும்? ரிப்போர்ட்டைக் கேட்கும், அதில் இருபது முடிவுகளின் எண்கள் இருக்கும், இருபதையும் ஒவ்வொன்றாகக் கேட்கும், அதற்கப்புறம் எழுதிய மருத்துவரின் பெயருக்குத் தனியாக ஒரு கேள்வி. இதைப் படம் போட்டால் படிக்கட்டு மாதிரி இறங்கிக்கொண்டே போகும். இணையாகக் கேட்டாலும் ஆபத்து முழுதாகப் போவதில்லை. ஒவ்வொரு கேள்வியும் நூற்றில் ஒரு தடவை மெதுவாக வரும் என்று வைத்துக்கொள்வோம். பத்துக் கேள்விகள் சேர்ந்த பக்கம் நூற்றில் ஏறக்குறைய பத்துத் தடவை மெதுவாகும்; முப்பது கேள்வி என்றால் நூற்றில் 26.

ஒரே கேள்வியில் தொடர்புடைய துண்டுகளையும் சேர்த்துத் தா, இந்த விவரங்கள் மட்டும் போதும், முதல் இருபது மட்டும் தா என்றெல்லாம் கேட்க ஃபயர் தரத்திலேயே வழி இருக்கிறது. பலர் அதைப் பயன்படுத்தாமல், நோயாளியைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கேட்கும் அழைப்பைப் பிடித்துக்கொள்கிறார்கள். எட்டு வருஷக்காரரின் கணக்கு தரைதட்டுவது அங்கேதான்.

ஸ்கேன் படங்களுக்கு ஒரு சின்னக் கணக்கு போதும். சிடி ஸ்கேனின் ஒரு துண்டு வழக்கமாக 512-க்கு 512 புள்ளி, புள்ளிக்கு 2 பைட். ஆக அரை எம்பி. 300 துண்டுகள் என்றால் சுருக்குவதற்கு முன் 150 எம்பி. நோயாளி அந்தப் பக்கத்தில் முதலில் தேடுவது மருத்துவர் எழுதிய நாலு வரி முடிவை. அதைக் கொடுத்துவிட்டு, சிறு படம் ஒன்றை வைத்து, ‘முழுதும் பார்க்க’ என்று பொத்தான் போட்டால் முடிந்தது.

போனுக்குள் நேரம் போகும் இடங்கள்தான் எனக்கு எப்போதும் சுவாரசியம், ஏனென்றால் அங்கே யாரும் தேடுவதில்லை. ஓர் உதாரணம். தகவலைப் போனில் பூட்டிவைக்க எஸ்க்யூஎல்சைஃபர் என்ற டேட்டாபேஸைப் பலர் பயன்படுத்துகிறார்கள். கடவுச்சொல்லைக் கொடுத்துத் திறக்கும்போது, அதிலிருந்து சாவியை உருவாக்க அதன் நான்காம் பதிப்பு 2,56,000 சுற்றுக் கணக்குப் போடும். கடவுச்சொல்லை ஊகித்துத் திறப்பவனைக் களைப்படையச் செய்யத்தான் அந்தச் சுற்றுகள். வேண்டுமென்றே வைத்த வேகத்தடை. ஆனால் ஒவ்வொரு திரையிலும் டேட்டாபேஸைத் திறந்து மூடும்படி ஆப்பை எழுதியிருந்தால், அந்த வேகத்தடை ஒவ்வொரு பக்கத்திலும் வரும். விலை குறைந்த போனில் கண்ணுக்குத் தெரியும் தடங்கல் அது. இணைப்பை ஒருமுறை திறந்து வைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் முழு நீளச் சாவியை முதலிலேயே சீரற்ற எண்களால் உருவாக்கி, போனின் பாதுகாப்புப் பெட்டகத்தில் வைத்து, நேரடியாகக் கொடுக்கலாம். ஊகிக்க முடியாத சாவிக்குச் சுற்றுகள் தேவையில்லை. சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறைத்து ‘வேகப்படுத்தியவர்களும்’ உண்டு. அதற்குப் பெயர் வேகம் இல்லை.

அடுத்து, ஆப் திறந்ததும் விழித்துக்கொள்ளும் வெளி நூலகங்கள், அதாவது பிறர் எழுதிய ஆயத்த நிரல்கள்: ஆப் முடங்கினால் பதிவது, பயன்பாட்டுப் பதிவு, அரட்டை உதவி, வீடியோ ஆலோசனை. வீடியோவில் மருத்துவரைப் பார்ப்பவர் எப்போதோ ஒருமுறை. அதற்கான நூலகம் தினமும் காலையில் மாத்திரைப் பட்டியலுக்கு முன்னால் வரிசையில் நிற்கும். அதைத் தேவைப்படும்போது எழுப்பினால் போதும். ஆண்ட்ராய்டில் அடிக்கடி ஓடும் நிரல் பாதைகளைப் பட்டியலிட்டு ஆப்போடு அனுப்பும் பேஸ்லைன் புரொஃபைல் என்ற வசதியும் உண்டு. நிறுவியபின் முதல் தடவையிலிருந்தே நிரல் ஓட்டம் 30 சதவீதம் அளவுக்கு வேகமாகும் என்று கூகுள் சொல்கிறது. அதிகம் மெனக்கெடாமல் கிடைக்கும் பலன், செய்துவிடலாம்.

25,920 புள்ளிகள்

வரைபடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் சர்க்கரை சென்சார் ஒரு நாளில் 288 எண்களைத் தரும். மூன்று மாதம், 90 நாள் என்றால் 25,920. மருத்துவரிடம் போவதற்கு முன் பலர் திறக்கும் பக்கம் இதுதான். அத்தனை புள்ளிகளையும் சர்வரிலிருந்து இழுத்து, பிரித்து, கோடாக வரைந்தால் நடுத்தர போன்கூட முக்கி முனகும். விரலால் நகர்த்தினால் நொண்டும்.

ஆனால் திரையின் அகலம் 1,080 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், ஒரு பிக்சலுக்கு 24 புள்ளிகள், அதாவது இரண்டு மணி நேரம். அவ்வளவையும் கண்ணால் பார்க்கவே முடியாது. புள்ளிகளைக் குறைத்து அனுப்பு என்ற யோசனை தானாக வரும். குறைப்பது எப்படி என்றால் பலரும் கை வைப்பது சராசரியில்: 24-ஐயும் கூட்டி வகுத்து ஒரு புள்ளி.

இப்போது அந்த இரவு மூன்று மணிக்காரரிடம் திரும்புவோம். அந்த இரண்டு மணி நேரத்தில் இருபது நிமிடம் அவருடைய சர்க்கரை 52 மில்லிகிராம். மற்ற நேரமெல்லாம் 110 என்று வைப்போம். 70-க்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை, 54-க்குக் கீழ் என்றால் உடனே கவனிக்க வேண்டிய நிலை. நாலு புள்ளிகள் 52, இருபது புள்ளிகள் 110. சராசரி 100. வரைபடத்தில் அந்த இடம் ஆரோக்கியமாக, தட்டையாக இருக்கும். பக்கம் ஒரு நொடியில் வந்துவிட்டது. அவர் மயங்கி விழப்போன இரவு மட்டும் காணாமல் போய்விட்டது. மருத்துவர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு ‘நன்றாக இருக்கிறதே’ என்பார்.

பரிகாரம் சுலபம். ஒவ்வொரு பிக்சலுக்கும் சராசரிக்குப் பதில் அந்த இரண்டு மணி நேரத்தின் மிகக் குறைந்த எண்ணையும் மிக உயர்ந்த எண்ணையும் அனுப்பினால் 2,160 புள்ளிகள். பன்னிரண்டில் ஒரு பங்கு சுமைதான், 52 தப்பிப்பிழைக்கும். தோற்றத்தைக் காப்பாற்றும் முக்கோணப் பரப்பு முறை ஒன்றும் வரைபடக்காரர்களிடையே பிரபலம். கோடு அழகாக வரும், ஆனால் ஒவ்வொரு பள்ளமும் நிற்கும் என்ற உறுதி அதில் கிடையாது. பங்குச் சந்தைக்கு அது போதும்.

போனிலேயே இருக்கும் தகவலுக்கும் இதே கதைதான். ஐபோனில் உடல்நலத் தகவலைச் சேர்த்துவைக்கும் ஆப்பிளின் ஹெல்த்கிட்டிடம் ஒரு வருஷ இதயத் துடிப்புகளைத் துடிப்பு துடிப்பாகக் கேட்டுவிட்டு ஆப் உறைந்துபோகிறது என்பார்கள். நாள்வாரியாகக் குறைந்தது, கூடியது, சராசரி என்று கணக்கிட்டுத் தரும் கேள்வி அதிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டின் ஹெல்த் கனெக்டிலும் அப்படியே. அப்புறம் இன்னொன்று: ஐபோன் பூட்டியிருக்கும்போது ஹெல்த்கிட் கிடங்கைப் படிக்க முடியாது. ‘இரவில் பின்னணியில் எல்லாவற்றையும் கணக்கிட்டு வைத்துவிடலாம்’ என்று திட்டம் போடுகிறவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் அது.

பழையதைக் காட்டுவதில் தவறில்லை, தேதி இருந்தால்

கேஷ் விஷயத்தில் ஹெல்த் ஆப்கள் இரண்டு கோடியில் ஒன்றில் நிற்கின்றன. பாதுகாப்பு என்று சொல்லி எதையுமே போனில் வைக்காமல், ஒவ்வொரு தடவையும் ரத்த வகையைக்கூட சர்வரிடம் கேட்பது ஒரு கோடி. எல்லாவற்றையும் பூட்டாமல் சாதாரணக் கேஷில் போட்டுவைப்பது இன்னொன்று. முதலாவது வேகத்துக்குக் கேடு, இரண்டாவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தகவலின் வயதைப் பார்த்துப் பிரிப்பதுதான் நடைமுறை. ரத்த வகை மாறப்போவதில்லை. முடிந்துபோன பரிசோதனையின் முடிவு அபூர்வமாகத் திருத்தப்படும். மருந்துப் பட்டியல் எப்போது வேண்டுமானாலும் மாறலாம். சென்சார் எண் ஐந்து நிமிடத்தில் பழசு. பூட்டிய கிடங்கிலிருந்து பழையதை உடனே காட்டி, பின்னால் புதியதைக் கேட்டு, வந்ததும் மாற்றும் முறை இதில் பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தும். கூடவே ‘40 நிமிடம் முன்’ என்று எழுதியிருக்க வேண்டும். மருந்தளவைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு மட்டும் இந்தச் சலுகை இல்லை. குறிப்பிட்ட வயதைத் தாண்டியதும் எண்ணை எடுத்துவிட்டு ‘புதிய அளவு இல்லை’ என்று சொல்லிவிடுவதே மேல். வெறுமையான திரை அங்கே சரியான பதில்.

அளப்பதே கசிந்தால்

வேகத்தை அளக்க ஒரு வெளிக் கருவியைச் சேர்க்கிறோம். அது ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் நேரத்தையும் தன் சர்வருக்கு அனுப்புகிறது. முகவரியில் நோயாளி எண்ணும் பரிசோதனையின் பெயரும் இருந்தால்? இன்ன ஆள், இன்ன நேரத்தில், எச்ஐவி முடிவைப் பார்த்தார், பக்கம் 1.8 நொடியில் வந்தது என்று ஒரு வரி யாரோ ஒருவருடைய கிடங்கில் போய் உட்கார்ந்துவிடும். 1.8 மட்டும்தான் நமக்கு வேண்டியிருந்தது. பக்கத்தின் பெயரை ‘ரிப்போர்ட்-விவரம்’ என்று வார்ப்புருவாக்கி, மீதியைப் போனிலேயே வெட்டிவிட்டு அனுப்ப வேண்டும். சர்வரில் போய் வெட்டுவது தாமதம். திரையை அப்படியே வீடியோவாகப் பதியும் கருவிகளை இந்த வகை ஆப்பில் சேர்க்கவே கூடாது என்பது என் பிடிவாதம்.

பிழைச் செய்திகளையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். தாமதமான கேள்வியின் முழு உள்ளடக்கத்தையும் பதிவேட்டில் கொட்டும் பழக்கம் டெவலப்பர்களுக்கு உண்டு. மெதுவாக வருவது பெரும்பாலும் அதிகப் பதிவுகள் உள்ளவருடையது என்று மேலே பார்த்தோம். ஆக, பதிவேட்டில் கொட்டப்படுவதும் நோய் அதிகம் உள்ளவரின் தகவல்தான்.

ஆய்வகச் சோதனைகளில் இந்தக் கவலை இல்லை. அங்கே கற்பனை நோயாளி போதும். ஆனால் கற்பனையில் கொஞ்சம் தாராளம் வேண்டும். எங்கள் சோதனைக் கணக்கு வெகுநாள் மூன்று ரிப்போர்ட்டோடு ஒல்லியாக இருந்தது. பிறகு எட்டு வருஷப் பதிவுகள், பதினான்கு மருந்துகள், நீண்ட பெயர், தொண்ணூறு நாள் சென்சார் எண்கள் என்று இன்னொரு கணக்கை உருவாக்கி, ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் மலிவான, நினைவகம் நிரம்பிய ஒரு போனில், பேட்டரிச் சேமிப்பு முறையைப் போட்டுவிட்டு, ஆப்பை முழுக்க மூடித் திறந்து பார்க்க ஆரம்பித்தோம். முதல் தடவை பார்த்தபோது அம்புக்குறி வரும்வரை எண்ணிக்கொண்டிருந்த சக ஊழியர் பதினொன்றில் எண்ணுவதை நிறுத்திவிட்டு, “இன்னும் வரலையா?” என்று போனை எட்டிப் பார்த்தார்.